ஓருடல் ஈருயிர்: ஒரே மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் – ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

‘ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கொலுசு, கோலம், குழம்பு என்று எதையும் நம் அறிஞர்கள் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டு, ஒரே ஒரு லேப்டாப் வாங்கி, அதில் விண்டோஸையும் லினக்ஸையும் ஒருசேரக் குடியேற்றும் வழக்கம் மட்டும் எப்படியோ அவர்கள் பார்வைக்குத் தப்பிவிட்டது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். போக்கியபின் யாருக்கு என்ன பயன் என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. ஆய்வுக் களம்

திருவல்லிக்கேணியில் கீழே டிடிபி சென்டரும் மாடியில் குடித்தனமுமாக அமைந்த ஒரு மாதிரி வீடு ஆய்வுக் களமாகக் கொள்ளப்பட்டது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக் ஆகியன இங்கே அச்சுக்குத் தயாராகின்றன. ஆய்வின் தொடக்கத்தில் இவ்வீட்டில் மூன்று கணினிகள் இருந்தன.

முதலாவது, விண்டோஸ் எக்ஸ்பி ஓடுவது. இதில் பேஜ்மேக்கர் இருக்கிறது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. இரண்டு செய்திகளும் இவ்வீட்டுக்கு இன்னும் எட்டவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பத்திரிகை மாதிரிகள் அனைத்தும் இதில்தான் உள்ளன. மணமக்கள் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது, விண்டோஸ் 7. இதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. இதில் டாலி இருக்கிறது, வீட்டம்மாள் கணக்கெழுதுகிறார்.

மூன்றாவது, லினக்ஸ். பொறியியல் படிக்கும் மகளின் உடைமை எனினும், கடைக்கு இதனால் ஒரு சேவை உண்டு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவில் கல்யாண மண்டபத்தின் முகவரியோடு ஊரிலுள்ள வைரஸ்கள் எல்லாம் சேர்ந்து வரும். விண்டோஸில் நேரே செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும். ஆகவே முதலில் லினக்ஸில் செருகி, வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகே பேஜ்மேக்கருக்கு அனுப்புவது இக்கடையின் ஆசாரம்.

மூன்று கணினி, மூன்று மானிட்டர், மூன்று யுபிஎஸ், எண்ணற்ற வயர்கள். இம்மூன்றையும் ஒரே லேப்டாப்பில் அடக்கிவிடலாம் என்ற எண்ணம் கடைக்காரருக்குத் தோன்றிய கணமே இவ்வாய்வின் பிறப்பிடம்.

3. கருதுகோள்

மூன்று கணினிகளுக்குப் பதில் ஒன்று வந்தால் வீட்டில் கணினிகளின் எண்ணிக்கை ஒன்றாகும் என்பது கருதுகோள். கணக்கு வாத்தியார்கள் இதை ஆராயாமலே ஒப்புக்கொள்வார்கள். ஆய்வாளன் அப்படிச் செய்ய இயலாது.

ஒரு தமிழ் வீட்டில் எத்தனை கணினி இருக்கிறது என்று அறிய நம்பகமான முறை ஒன்றுதான் உண்டு. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் எத்தனை இடத்தில் வைக்கப்படுகின்றன என்று எண்ண வேண்டும். இதைப் ‘பொட்டெண்ணல் முறை’ என்று இவ்வாய்வு அழைக்கும். இரட்டை இயங்குதள லேப்டாப்புக்கு ஒரு பொட்டா, இரண்டு பொட்டா என்ற சிக்கல் இங்கே எழுகிறது. பூஜையின்போது லேப்டாப் அணைக்கப்பட்டிருக்கும். அப்போது இரண்டு தளங்களில் எதுவும் உயிரோடு இல்லை. எனவே பொட்டு இரும்புக்கும் பிளாஸ்டிக்கிற்கும் உரியதே தவிர ஆன்மாவுக்கு உரியதன்று எனக் கொண்டு, ஒரு பொட்டு என்று வைத்துக்கொள்ளப்பட்டது.

4. முன்னோர் மரபு

ஓருடலில் பல உயிர் என்னும் கொள்கை புதிதன்று. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தபோதே அதற்கு பிசி டாஸ், சிபி/எம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம் என மூன்று இயங்குதளங்களைச் சொன்னது. விற்பனைக்கு வந்தபோது டாஸின் விலை 40 டாலர். சிபி/எம்-86 விலை 240 டாலர். உலகம் நெடுநேரம் யோசிக்கவில்லை. அக்காலத்தில் ஃபிளாப்பியை மாற்றினால் தளம் மாறியது. ஒரு தளத்தின் ஃபிளாப்பி உள்ளே இருக்கையில் இன்னொன்று மேஜை இழுப்பறையில் கிடந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆகவே சண்டையும் இல்லை.

ஹார்ட் டிஸ்க் வந்தது. சண்டையும் கூடவே வந்தது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தார். அதைப் போட்டுப் பார்க்க விரும்பியோர் பெரும்பாலும் விண்டோஸை விட மனமில்லாதவர்கள். எனவே கணினி எழும்போதே “உமக்கு எது வேண்டும்?” என்று கேட்க ஒரு நிரல் தேவைப்பட்டது. முதலில் லிலோ வந்தது. 1995-இல் எரிக் போலின் கிரப் என்பதைத் தொடங்கினார். இன்றும் கேள்வி கேட்பது பெரும்பாலும் கிரப்தான். ஆப்பிள் நிறுவனமே 2006-இல் பூட் கேம்ப் என்ற பெயரில் மேக் கணினிக்குள் விண்டோஸைக் குடிவைக்க வழி செய்தது; 2020-இல் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியபோது அந்த வழி அடைபட்டது.

தமிழ்நாட்டுக்கும் இம்மரபில் ஓர் இடம் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஈருயிர்க் கொள்கையை அரசு ஆதரவோடு ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த முயற்சி இது. அதில் எந்த உயிர் அதிகம் விழித்திருந்தது என்பது அந்த மாணவர்கள் அனைவருக்கும் தெரியும். அவர்களிடம் கேட்டு இவ்வாய்வு சங்கடம் ஏற்படுத்தாது.

5. பாகப்பிரிவினை

டிஸ்க்கைப் பிரிப்பது பூர்வீகச் சொத்தைப் பிரிப்பதற்குச் சற்றும் குறைந்த செயலன்று. 1983-இல் பிசி டாஸ் 2.0 கொண்டுவந்த பழைய முறையில் பத்திரம் முழுவதும் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் அடங்கியது. அதில் பங்காளிகள் பட்டியலுக்கு 64 பைட்; ஒரு பங்குக்கு 16 பைட் வீதம் நால்வருக்குத்தான் இடம். ஐந்தாமவன் வந்தால் ஒருவன் பங்கை ‘விரிவாக்கப்பட்ட’ பங்காக மாற்றி, அதற்குள் உள்குடித்தனம் வைக்க வேண்டும். இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட நிலம் அந்தப் பத்திரத்துக்குக் கண்ணே தெரியாது.

இப்போதைய முறைக்கு ஜிபிடி என்று பெயர். வழக்கமாக இதில் 128 பங்குகள் வரை எழுதலாம். பத்திரத்தின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைக்கோடியில் பத்திரமாக இருக்கும். கௌரவர் நூற்றுவருக்கும் பாண்டவர் ஐவருக்கும் தனித்தனிப் பங்கு எழுதியபின்னும் 23 இடம் மிஞ்சும். ஊசிமுனை நிலமும் தர மறுத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருந்திருக்க முடியாது என்று இதனால் தெளியலாம்.

பிரிவினையில் முறை தவறக் கூடாது. விண்டோஸ் முன், லினக்ஸ் பின் என்பது மரபு. லினக்ஸ் மரியாதை தெரிந்தது. முன்பே குடியிருப்பவரைப் பார்த்துப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளும். விண்டோஸ் பிந்தி வந்தால் வாசற்கதவின் பூட்டைத் தன் பூட்டாக மாற்றிவிட்டு, உள்ளே வேறு யாரும் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது.

ரிச்சி தெருவில் இப்பணிக்கு அணுகப்பட்ட சர்வீஸ் தம்பி ஒருவர் இக்கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொன்னார்: “ரெண்டு ஓஎஸ்ஸும் போட்டுடலாம் சார். டேட்டா போச்சுன்னா மட்டும் நம்மளக் கேக்காதீங்க.” உயில் எழுதும் வக்கீல்களும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுவார்கள், கட்டணம்தான் வேறு.

பங்கு பிரிந்தபின் உறவு எப்படி? லினக்ஸ் தன் பங்கை எக்ஸ்ட்4 என்ற முறையில் உழுது வைத்திருக்கும். விண்டோஸுக்கு அது புரியாது. அந்த நிலத்துக்கு ஓர் எழுத்து கொடுத்துத் திறக்கச் சொன்னால், “இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?” என்று கேட்கும். பக்கத்து வீட்டு வேலி தெரியவில்லை என்பதற்காக வீட்டை இடித்துத் தரைமட்டமாக்க அனுமதி கேட்கும் பங்காளியை நாம் வேறெங்கும் காண்பதரிது. லினக்ஸோ விண்டோஸின் என்டிஎஃப்எஸ் நிலத்தில் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. எனவே இருவருக்கும் பொதுவாக ஒரு என்டிஎஃப்எஸ் பங்கு ஒதுக்கப்படும். இதுவே பொதுக் கிணறு. கல்யாணப் பத்திரிகைகள் இதில் கிடக்கும்.

கிணற்றிலும் ஒரு வில்லங்கம். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உள்ளது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாகச் சாவதில்லை. பாதி உயிரைச் சுருட்டி டிஸ்க்கில் எழுதிவிட்டு உறங்கும். அந்நிலையில் லினக்ஸ் எழுந்து கிணற்றடிக்குப் போனால், பங்காளி இன்னும் கயிற்றை விடவில்லை என்று தெரிந்து, படிக்க மட்டுமே அனுமதி பெறும். தண்ணீரைப் பார்க்கலாம், மொள்ளக் கூடாது.

6. பத்து நொடிக் கோட்பாடு

கணினி எழும்போது கிரப் ஒரு பட்டியலைக் காட்டிக் காத்திருக்கும். சில பதிப்புகளில் 5 நொடி. உபுண்டுவில் வேறு தளம் உடனிருப்பது தெரிந்தால் 10 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் தானே முதல் வரியைத் தேர்ந்துகொள்ளும். முதல் வரி லினக்ஸ்.

இதன் விளைவு களத்தில் துல்லியமாகத் தெரிந்தது. விண்டோஸ் அப்டேட் நடுவில் தானே ரீஸ்டார்ட் ஆகும். அந்தப் பத்து நொடியில் கடைக்காரர் வாசலில் டீக்காரரிடம் சர்க்கரை கம்மி என்று சொல்லிக்கொண்டிருப்பார். திரும்பி வருகையில் திரையில் லினக்ஸ் விரிந்திருக்கும். விண்டோஸின் அப்டேட் பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி அப்டேட், மறுபடி டீ.

விண்டோஸ் அப்டேட்டே பகையாக மாறிய வரலாறும் உண்டு. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு முறையில், மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ‘ஷிம்’ என்ற சிறு நிரலின் சிபாரிசோடுதான் லினக்ஸ் எழுகிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் பழைய ஷிம்களை நம்ப மறுக்கும் பட்டியலைப் பதித்தது. இரட்டைத் தளக் கணினிகளுக்கு அது போகாது என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருந்தது. போனது. பல கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்து, ‘பாதுகாப்புக் கொள்கை மீறல்’ என்று ஒரு வரியை மட்டும் காட்டி அணைந்தது. செக்யூர் பூட்டை அணைத்துப் பார்க்கலாமே என்று அமைப்பில் கைவைத்தால், பிட்லாக்கர் பூட்டிய விண்டோஸ் சந்தேகம் கொண்டு 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். ஆதார் எண்ணின் 12 இலக்கத்தை மனப்பாடம் செய்த பெருமையில் இருப்பவர்கள் இங்கே அடக்கம் கற்கிறார்கள்.

புளூடூத் மவுஸின் நிலை தனித்துக் குறிக்கத்தக்கது. லேப்டாப்பின் புளூடூத் முகவரி ஒன்று. ஆனால் இரண்டு தளங்களும் மவுஸோடு தனித்தனி ரகசியச் சாவி பேசி வைத்திருக்கும். லினக்ஸில் இணைத்த மவுஸ், விண்டோஸில் அதே முகவரியிலிருந்து வேறு சாவி நீட்டப்படுவதைக் கண்டு பேச மறுத்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துவைக்க வேண்டும். கடைக்காரர் இறுதியில் வயர் மவுஸ் வாங்கினார். வயரை ஒழிக்க எடுத்த முயற்சியில் புகுந்த முதல் வயர் அது.

7. காலம் குறித்த கருத்து வேறுபாடு

இரண்டு தளங்களும் எதிலும் ஒத்துப்போகாவிடினும் மணி பார்ப்பதிலாவது ஒத்துப்போகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மதர்போர்டில் சிறு பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. டாஸ் வழிவந்த விண்டோஸ், அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று கொள்ளும். யூனிக்ஸ் மரபினதான லினக்ஸ், அது உலகப் பொது நேரம் என்று கொள்ளும். கடிகாரம் ஒன்று; பொருள்கோள் இரண்டு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இவ்விரு கொள்கைகளுக்கும் இடைவெளி ஐந்தரை மணி நேரம். சிங்கப்பூர்த் தமிழருக்கு எட்டு மணி. லண்டன் தமிழருக்குக் குளிர்காலத்தில் இச்சிக்கலே எழாது. கோடை வந்ததும் ஒரு மணி நேரம் வந்து சேரும்.

இதன் சமயவியல் விளைவுகள் கடுமையானவை. வெள்ளிக்கிழமை காலை 10.45. ராகுகாலம் தொடங்கிக் கால் மணியாகிறது. லினக்ஸை அணைத்து விண்டோஸை எழுப்புகிறார் கடைக்காரர். இணையம் வந்து திருத்தும் வரை திரையில் மணி 5.15, பிரம்ம முகூர்த்தம். கல்யாணப் பத்திரிகை வேலையைத் தொடங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மாறாக, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குத் தாவினால் மாலை 4.15, கடையைப் பூட்டுவது பற்றி யோசிக்கலாம்.

பொருளியல் விளைவும் உண்டு. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வோருக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 20. இருபத்தொன்றாம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு விண்டோஸை எழுப்பினால் அது இருபதாம் தேதி இரவு ஏழரை என்று காட்டி ஆறுதல் சொல்லும். போர்ட்டலுக்கு இந்த ஆறுதல் செல்லாது. தாமதக் கட்டணம் உண்டு.

தீர்வு எளிது. லினக்ஸை உள்ளூர் நேரம் பார்க்கச் சொல்லி ஒரு கட்டளை உண்டு; அல்லது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதை உலக நேரத்துக்குத் திருப்பலாம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். மகள் லினக்ஸிலும், சர்வீஸ் தம்பி விண்டோஸிலும், ஒருவருக்கொருவர் சொல்லாமல் திருத்தினால், ஐந்தரை மணி நேரம் எதிர்த்திசையில் திரும்பி வரும்.

8. மாற்றுக் கொள்கையினர்

மெய்நிகர்வாதிகள் என்று ஒரு சாரார் உளர். ஒரு தளத்துக்குள்ளேயே இன்னொரு தளத்தை ஒரு சன்னலில் ஓட்டலாம் என்பது அவர்கள் வாதம். 1999-இல் விஎம்வேர், 2007-இல் விர்ச்சுவல்பாக்ஸ், 2016-இல் விண்டோஸே லினக்ஸுக்குத் தன் வீட்டில் திறந்துவைத்த டபிள்யூஎஸ்எல் எனச் சான்றுகளை அடுக்குவார்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், பங்கு வேண்டாம், ராகுகாலக் குழப்பம் வேண்டாம். மகள் இந்தக் கட்சி.

8 ஜிபி ரேமை இருவரும் ஒரே சமயத்தில் பங்கிட்டால் இருவரும் பட்டினி என்பது முதல் மறுப்பு. இக்கொள்கை சரியெனில் இக்கட்டுரையே தேவையற்றதாகிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இரண்டாவதே வலிமையானது.

9. கண்டறிந்தவை

மூன்று கணினியும் செய்த வேலைகள் அனைத்தையும் லேப்டாப் செய்கிறது. இதில் ஐயமில்லை. ஆனால் மூன்றும் ஒரே சமயத்தில் செய்தன. லேப்டாப் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது. ஒழிக்கப்பட்டவை கணினிகள் அல்ல, அவை சேர்ந்து விழித்திருந்த நேரம்தான்.

ஒரு வாடிக்கையாளர் பென் டிரைவோடு வருகிறார். ஆசாரப்படி லினக்ஸ் எழுகிறது. ஃபைல் கிணற்றுக்குப் போகிறது. விண்டோஸ் எழுகிறது, பேஜ்மேக்கர் திறக்கிறது. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விடுபட்டிருக்கிறது; திருத்தம் வேறொரு பென் டிரைவில் இருக்கிறது. மறுபடி லினக்ஸ். அதே வேளை மாடியிலிருந்து, “ஏங்க, பில்லு போடணும், உங்க லினக்ஸ் பென்குயினைக் கொஞ்சம் மூடுங்க” என்று ஒரு குரல். “அப்பா, என் புரோகிராம் ஓடிட்டிருக்கு, ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க” என்று இன்னொன்று. மூன்று கணினி இருந்த காலத்தில் இக்குடும்பத்தில் மூன்று பேர் வேலை செய்தார்கள். இப்போது ஒருவர் வேலை செய்ய இருவர் வரிசையில் நிற்கிறார்கள். வேண்டிய ஃபைல் எப்போதும் மற்றத் தளத்தில்தான் இருக்கிறது என்பது தனித் தேற்றமாக நிறுவத்தக்கது.

இதனினும் முக்கியமான முடிவு ஒன்று. இரட்டைத் தளம் எழ மறுக்கும் நாளில் அதைச் சீர்செய்யப் பூட் ஆகும் பென் டிரைவ் வேண்டும். அதைத் தயாரிக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி வேண்டும். இறந்த கணினி தன் மருந்தைத் தானே அரைக்காது. செல்பேசியில் வழிமுறையைப் படித்துத் தலையாட்டலாம். பென் டிரைவ் செய்ய யாரிடமாவது போய் நிற்கத்தான் வேண்டும். ஆகவே ஒரு கணினியில் இரண்டு தளங்களை வைத்துக் காப்பாற்ற இரண்டு கணினிகள் தேவை. கருதுகோள் வீழ்ந்தது. பொட்டெண்ணல் முறையில் கிடைத்த விடையும் இரண்டே: காயலான் கடைக்குப் போகவேண்டிய விண்டோஸ் 7 கணினி, வீட்டம்மாள் கையால் சந்தனம் குங்குமத்தோடு இன்னும் மாடிப்படியடியில் வீற்றிருக்கிறது.

10. பரிந்துரைகள்

இவ்வளவுக்குப் பின்னும் மனம் மாறாதோர்க்கு: கைவைக்குமுன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வெளி டிஸ்க்கில் எடுக்க. பிட்லாக்கரின் 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி வைக்க. லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைக்கற்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க. கடிகாரத்தை ஒரு தளத்தில் மட்டும் திருத்துக. கூடுமானால் இரண்டு தளத்துக்கும் தனித்தனி எஸ்எஸ்டி வாங்குக. இரண்டு வீடாகப் போனபின் வேலித் தகராறு குறையும். பழைய கணினி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்க.

இத்தனையும் முறையாகச் செய்து முடித்தால் கிடைக்கும் நிகர லாபம், கடையில் காலியாகும் ஒரு மேஜை. அந்தப் பழைய கணினியை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.